முங்குவதற்கு என்ன தகுதி?

கடலுக்கடியில் முங்கி வேலை செய்கிற டைவருக்கு என்னென்ன வேண்டும்? பயிற்சி, சான்றிதழ். வருஷத்துக்கொரு முறை டாக்டர் காது, நுரையீரல் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடணும். பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே ஏறி வருவதற்கும் கணக்கு உண்டு. தலைக்கவசத்துக்குள் குழாய் வழியே காற்று, பேசுவதற்குக் கம்பி, முதுகில் அவசரத்துக்கு சிலிண்டர். மேலே இன்னொரு டைவர் தயாராக உட்கார்ந்திருப்பார், கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் இறங்க. அப்படி உட்கார்ந்திருக்கவே அவருக்குச் சம்பளம்.

நியாயம்தான். ஆனால் நம்ம ஆளும் முங்கத்தானே செய்கிறான்?

பாதாளச் சாக்கடையில் அடைப்பு என்றால் மூச்சை அடக்கி, மலத்தண்ணிக்குள் முங்கி, கையால துழாவி எடுக்கிறான். இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் இருந்தால். கீழே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாத்தம். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போகும். நாத்தமில்ல, எறங்கலாம்னு நினைக்கிற இடத்தில்தான் சாவு. காப்பாற்றக் குதிக்கிற தம்பியும் மச்சானும் அடுத்தடுத்து சாகிறார்கள். இங்கே தயாராக நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

சாக்கடை என்றால் அப்படித்தான் என்று சொல்லாதீர்கள். மெக்சிகோ நகரத்துச் சாக்கடையில் ஹூலியோ சேசர் கு கமாரா பல்லாண்டு முங்கினார். உடம்பை மூடிய உடுப்பு, தலைக்கவசம், காற்றுக் குழாய். மேலே வந்ததும் உடுப்போடு சேர்த்துக் கழுவுவார்கள். பத்திரிகைகள் பேட்டி எடுத்தன. அங்கே அது ஒரு தொழில்.

நான் வங்கி குமாஸ்தா. கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. நம்ம ஆள் அதில் 'கூலி'ன்னு போடச் சொல்வான். முத்துக்குளிக்கிறவனுக்குத் தமிழில் பேரும் உண்டு, பாட்டும் உண்டு.

1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொன்று. 2013 சட்டத்தின் சூட்சுமத்தைப் பாருங்க: பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இறக்கினால்தான் அது 'அபாயகரமான' சுத்திகரிப்பு. அதாவது இறக்குவதற்கு வழி அடைபடவில்லை. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் 30 லட்சம் என்றது. பிணத்துக்கு விலை ஏறுகிறது, காற்றுக் குழாயைத்தான் காணோம்.

இதில் நம்ம சங்கத்து ஆட்களே முகமூடி, கையுறை கேட்டு மனு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. மெஷினை இறக்கு. மெஷின் போகாத இடம் என்று இஞ்சினியர் எழுதிக் கொடுத்தால், அங்கே இறங்குகிறவன் டைவர். டைவருக்குள்ள பயிற்சி, சம்பளம், மேலே உட்கார ஆள், எல்லாம் வை. அப்புறம் எல்லாச் சாதிக்கும் பேப்பரில் விளம்பரம் கொடு. எந்தெந்தத் தெருவிலிருந்து விண்ணப்பம் வருதுன்னு பார்ப்போம்.