நாற்பதில் ஒரு புதுத் தொழில்

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவதிலேயே பத்துப் பன்னிரண்டு வருஷங்களைச் செலவிட்டபின், பழைய உத்தியோகம் இனித் தமக்கு எட்டாது என்று கண்டுகொண்ட ஸ்திரீகள், நாற்பதாம் வயதில் நக அலங்காரத் தொழிலைப் பயில முன்வருவதைப் பரிகசிப்போர், அத்தொழிலின் சிரமத்தைச் சற்றும் அறியாதவர்களென்றே சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு லைசென்ஸ் பெற 400 மணி நேரப் பயிற்சியும் பரீட்சையும் விதித்திருக்கிறார்கள். வர்ணம் பூசுவதோடு கருவிகளைச் சுத்திகரிப்பதும் ஆரோக்கிய விதிகளும் அப்பயிற்சியில் அடங்கும். நம் ஊரிலோ சில நாள் வகுப்பிலேயே அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டுகிற இடங்கள் உண்டு (கட்டணத்தில் மட்டும் குறைவில்லை!). விளக்கொளியில் முற்றும் இறுகாத ஜெல் பூச்சு சருமத்தில் பட்டுப் பட்டு, ஆயுள் முழுதும் நீடிக்கும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதையே கற்பியாத வகுப்புக்கு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுக்க அந்த ஸ்திரீகள் தயங்குவது நியாயமே.