வெளிவிடும் மூச்சு

“நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள்” என்று சொன்னவுடன் நம்மில் பலர் தோள்களை உயர்த்தி, மார்பை விம்மச் செய்து, வயிற்றை உள்ளே ஒடுக்கிக்கொள்கிறோம். அது ஆழ்ந்த மூச்சன்று. நுரையீரலின் கீழே கூடாரம்போல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கும்போதுதான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். அப்போது வயிறு சற்றே முன்னே எழும். உறங்கும் குழந்தையின் வயிற்றைக் கவனித்தவர்கள் இதனை அறிவார்கள்.

வங்கிக் கணக்கிலேயே காலத்தைக் கழித்தவனுக்கு இதிலும் கணக்குத்தான் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி காற்று, மூக்கு முதல் மூச்சுக்குழாய் வரையிலான பாதையிலேயே நின்றுவிடுகிறது. இரத்தத்திற்குப் பிராணவாயுவை அளிக்கும் நுண்ணறைகளை எட்டுவதில்லை. நிமிடத்திற்கு 30 முறை, 250 மில்லி வீதம் மேலோட்டமாக மூச்சு வாங்கினால் மொத்தம் 7,500 மில்லி. அதில் 4,500 வீண். அதே அளவை 750 மில்லி வீதம் 10 முறையாக நிதானமாக வாங்கினால் வீணாவது 1,500 மட்டுமே. ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் ஒரே கட்டணம் பிடித்தால், சிறுகச் சிறுக எடுப்பவருக்கே நஷ்டம் அல்லவா?

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்திற்கு 16, கும்பகத்திற்கு 64, ரேசகத்திற்கு 32 மாத்திரை என்று வகுத்தருளினார். இவற்றுள் நடுவிலுள்ள 64-ஐ நாம் வணங்கிவிட்டு விலகிக்கொள்வதே நல்லது. மூச்சை அடக்குதல் குருவின் நேர்பார்வையில் பயில வேண்டியது. இரத்தக் கொதிப்பு, இதய நோய், கண் அழுத்த நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் அதனைத் தாமாக முயலலாகாது. காலையில் தொலைக்காட்சியைப் பார்த்து வேகவேகமாக மூச்சை வாரி இறைப்பதும் நம் வயதுக்கு ஏற்றதன்று, தலைசுற்றலே மிஞ்சும்.

நமக்கு உரியது எஞ்சிய இரண்டு எண்களின் விகிதம். இழுப்பது ஒரு பங்கு, விடுவது இரு பங்கு. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவதே மனத்தையும் உடலையும் அமைதிப்படுத்தும் வழி. எண்ணுவதற்குக் கடிகாரம் வேண்டாம். ‘நமசிவாய’ என்று மனத்துள் நிதானமாக ஒருமுறை சொல்லி மூச்சை இழுங்கள். இருமுறை சொல்லி விடுங்கள். நிமிடத்திற்கு ஆறு அல்லது ஏழு மூச்சுகளே ஆகும்.

இந்த ஆறு என்னும் எண் தற்செயலானதன்று. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரிடம் ஆராய்ந்து 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிறித்தவர்களின் ஜபமாலைப் பிரார்த்தனையாயினும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் மந்திரமாயினும், ஓதுவோரின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் வலுப்பெற்றது.

தரிசன வரிசையில் நிற்கும் நேரம் இதற்கு மிகவும் உகந்தது. வீட்டிலாயின் உணவு உண்டவுடன் வேண்டாம்; காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் போதும். பத்மாசனம் இயலாதவர்கள் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமரலாம். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தலாகாது. சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் வலி கண்டாலோ, அது மூச்சுப் பயிற்சிக்குரிய வேளையன்று. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.