சிதம்பரம் எம்.பி.யும் சிதம்பரம் கோயிலும்

சிதம்பரத்தை அடுத்த லால்புரத்தில் எல். இளையபெருமாள் நூற்றாண்டு அரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. முதலமைச்சர் வந்தார், எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள், புகைப்படங்கள் பரவின. மகிழ்ச்சிதான். ஆனால் அன்று முழுக்க என் வாட்சப்பில் வந்த கேள்வி ஒன்றே: "யார் தோழர் இவர்?" கேட்டவர்களில் பாதிப் பேர் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள்.

காட்டுமன்னார்கோயிலில் 1924-ல் பிறந்தவர். பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவன் என்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். 1952-ல் முதல் பொதுத்தேர்தலில் கடலூரிலிருந்து காங்கிரஸ் வேட்பாளராக மக்களவைக்குப் போனபோது முப்பது வயது ஆகவில்லை. 1957-ல் சிதம்பரம், 1962-ல் திருக்கோவிலூர். பிறகு 1980-ல் எழும்பூரில் வென்று சட்டமன்றம். தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். கடைசியில் அந்தக் கட்சியை விட்டு வெளியேறி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். 2005-ல் மறைந்தார்.

நம் வட்டாரத்தில் அவர் பெயர் அடிபடாமல் போனதற்குக் காரணம் மேலே உள்ள பட்டியலிலேயே இருக்கிறது. காங்கிரஸ்காரர். அம்பேத்கர் உயிரோடு இருந்து காங்கிரசை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கதர்ச் சட்டையோடு டெல்லிக்குப் போன தலித். "அடிமை அரசியல்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட வசதியான ஆள்.

அந்த விமர்சனத்தை நான் ஒதுக்கவில்லை. 1952-லும் 1957-லும் அவர் நின்றவை இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரு பொது இடம், ஒரு தனி இடம், இரண்டுக்கும் எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். ஆக, சேரியின் பிரதிநிதியைத் தீர்மானிப்பதில் ஊரின் கையும் இருந்தது. 1932 பூனா ஒப்பந்தம் போட்டுக்கொடுத்த கட்டு அது. கட்சி சீட்டு இல்லாமல், ஊர் ஓட்டு இல்லாமல் தனித்தொகுதியில் ஜெயிப்பது அன்றும் கடினம், இன்றும் கடினம். அந்தக் கட்டுக்குள் இருந்த ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பது நியாயமான கேள்வி. என்ன செய்தார் என்று பார்ப்பதும் நியாயம்தானே?

1965-ல் இந்திய அரசு, தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி குறித்தும் ஆராய அவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. நாடு முழுக்க அலைந்து, கிணறு, டீக்கடை, முடிதிருத்தகம், கோயில் என்று பதிவு செய்து 1969-ல் அறிக்கை கொடுத்தார்கள். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த 1968 டிசம்பர் 25-க்கு அடுத்த சில வாரங்களிலேயே அந்த அறிக்கை டெல்லி மேசைக்குப் போனது. 1967-க்குப் பிறகு அவர் மக்களவையில் உறுப்பினர் இல்லை. அதனால் தன் அறிக்கைக்காக அவையில் எழுந்து நின்று சண்டை போடும் இடமும் அவருக்கு இல்லாமல் போனது.

அறிக்கையால் கிடைத்தது என்ன? 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்கு இந்தக் குழுவின் பரிந்துரைகள் முக்கியக் காரணம். அதுவரை தீண்டாமை வழக்கைச் சமரசம் பேசி முடித்துக்கொள்ள முடிந்தது. பண்ணையார் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் வழக்கு காலி. திருத்தம் அதை மூடியது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை வந்தது. ஊரே சேர்ந்து செய்யும் குற்றத்துக்குக் கூட்டு அபராதம் வந்தது. இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது என்ற தகுதியிழப்பும் வந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு முந்தைய படி இது.

ஆனால் அறிக்கையில் அதைவிடப் பெரிய வெடி ஒன்று இருந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயிற்சி பெற்ற, தகுதியுள்ள எவரும், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், பூசாரி ஆகலாம். இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வைத்த யோசனை இதுதான்: பூசாரித்தனம் பரம்பரையாக இருக்கக்கூடாது, அரசு தேர்வு வைக்க வேண்டும், சான்று பெற்றவரே பூசை செய்ய வேண்டும். அம்பேத்கரைப் பேச விடாமல் லாகூர் மாநாட்டையே ரத்து செய்ய வைத்த உரையில் இருந்த அதே யோசனை, முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, இந்திய அரசின் முத்திரையோடு ஓர் அறிக்கையில் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் "அடிமை" என்று நாம் தள்ளிவிட்ட கதர்ச் சட்டைக்காரர்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்றால் நமக்குப் பெரியாரின் கருவறை நுழைவுக் கிளர்ச்சி நினைவுக்கு வரும், கலைஞரின் 1970 சட்டத்திருத்தம் நினைவுக்கு வரும். இரண்டும் உண்மை. அந்த மசோதாவின் நோக்க விளக்கத்தைப் படித்தால், அதில் காரணமாகக் காட்டப்பட்டிருப்பது இந்தக் குழுவின் பரிந்துரை. 1972-ல் சேஷம்மாள் வழக்கின் தீர்ப்பிலும் அந்த விளக்கம் அப்படியே பதிவாகியிருக்கிறது. காங்கிரஸ் தலித் ஒருவரின் பரிந்துரையைத் தி.மு.க. அரசு சட்டமாக்கியது, அவருடைய சொந்தக் கட்சி ஆண்ட மாநிலங்களில் அது தூசி படிந்து கிடந்தது. நம் மேடைகளில் முதல் இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம். விடப்படுவது யாருடைய பெயர் என்பதையும் கவனியுங்கள்.

சேஷம்மாள் தீர்ப்பு, வாரிசு உரிமையை நீக்கியது செல்லும் என்றது; ஆகமத்தின் வழியே கதவைப் பாதி சாத்தியும் வைத்தது. 2006-ல் மறுபடி முயற்சி, பயிற்சிப் பள்ளிகள், 200-க்கும் மேற்பட்டோர் படித்து முடித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தது, 2015-ல் மறுபடி உச்ச நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் ஒருவழியாகப் பணி ஆணைகள். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2017-ல், கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தலித்துகளைப் பூசாரிகளாக நியமித்துவிட்டது.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். பரம்பரைப் பூசாரித்தனத்தை ஒழிக்கச் சொன்னவர் எந்த ஊருக்கு எம்.பி.யாக இருந்தாரோ, அந்த ஊரின் நடராசர் கோயிலில் தீட்சிதர் வீட்டில் ஆணாகப் பிறந்து திருமணமும் ஆனவருக்குத்தான் பூசை உரிமை. கோயில் நிர்வாகமும் அவர்களிடமே இருக்கட்டும் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நந்தனாரைத் தீயில் இறக்கிய கதை நடந்த ஊர். சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி கட்டிய ஊர். அரங்கத் திறப்பு விழாவில் இளையபெருமாளின் தியாகம் பேசப்பட்டது, எளிமை பேசப்பட்டது. அவருடைய பரிந்துரை அந்தக் கோயிலின் வாசலில் நிற்கிறதே, அதையும் பேசியிருக்க வேண்டாமா?

அவரோடு நமக்கு இன்னொரு வழக்கும் இருக்கிறது. பறை. சாவுக்குப் பறையடிப்பதையும், செத்த மாட்டைத் தூக்குவதையும் விட்டொழிக்கச் சொல்லி இந்தப் பகுதியில் சேரி சேரியாகப் போனவர் அவர். நம் தலைமுறைக்குப் பறை விடுதலையின் கருவி. கூட்டம் தொடங்குவதே பறையோடுதான். இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அப்படி ஒரு கூட்டம். பறை முழங்கியதும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன். "இதை விடுறதுக்கு நாங்க அடி வாங்குனோம் தம்பி. நீங்க காசு குடுத்துக் கத்துக்குறீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பறையை நான் கீழே வைக்கப் போவதில்லை. ஆனால் அடிக்கமாட்டேன் என்று சொன்னதற்காக உதைபட்டவர்கள் இருக்கும் ஊரில், அந்த மறுப்பின் வரலாற்றைச் சொல்லாமல் முதல் அடி விழக்கூடாது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்குத் தெற்குத் திட்டையை நினைவூட்டுகிறேன். 2020 அக்டோபரில் இதே கடலூர் மாவட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்களுக்கு நாற்காலி. படம் வந்த பிறகுதான் வழக்கு வந்தது. தனி இடத்தில் ஜெயித்தவரை ஊர் எப்படி நடத்தும் என்பதற்கு 1952-க்கும் 2020-க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அரங்கத்தை வைத்துச் செய்ய வேலை இருக்கிறது. 1969 அறிக்கை முழுதும் தமிழில் அங்கே மலிவு விலையில் கிடைக்க வேண்டும். அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் எத்தனை ஆதிதிராவிட மாணவர்கள் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எந்தக் கோயிலில், கருவறைக்குள் நின்று பூசை செய்கிறார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் அங்கே ஒட்டப்பட வேண்டும். அறநிலையத் துறையிடம் இந்தக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்தான் கட்டணம். நான் என் மனுவை எழுதிவிட்டேன். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சித் தோழர்கள் தத்தம் மாவட்டத்துக்குக் கேட்டு எழுதுங்கள்.