பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதே!



போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கொத்து அவர் கையிலிருந்து நழுவி முறத்துக்கு வெளியே விழுந்தது. எடுக்கப் பார்த்தார். வலது கை எழவில்லை. "என்னாச்சு பெரியம்மா?" என்றேன். ஏதோ சொன்னார், ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி குழறல்.

பத்து நிமிஷம் இருக்கும். கை எழுந்தது, பேச்சு தெளிந்தது. மிச்சக் கீரையையும் உருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராத்திரி தூக்கமில்லை, பித்தம், வெறும் வயிறு. சித்தி சுக்கு காபி போட்டுக் கொடுத்தார். பெரியப்பா உள்ளே போய், தான் தினமும் போடும் ஆஸ்பிரின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்து எடுத்துவந்தார். "ரத்தம் கட்டாம இருக்கும், இந்தா போடு." அவர் எட்டு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். இத்தனை மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய நானும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் நர்ஸிங் படிக்கும் பேத்தி விஷயம் கேள்விப்பட்டு, போனில் போட்ட சத்தத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

வந்துபோனது மினி ஸ்ட்ரோக். டாக்டர்கள் டிஐஏ என்பார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைத்து, கொஞ்ச நேரத்தில் தானே கரைந்து வழிவிட்டிருக்கிறது. பெயரில் 'மினி' இருப்பதுதான் வம்பே. இப்படி ஒன்று வந்துபோனபின் மூன்று மாதத்துக்குள் பெரிய ஸ்ட்ரோக்கில் விழுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் இரண்டு நாளிலேயே விழுந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் ஒன்றை நாங்கள் சுக்கு காபியோடு கழித்திருக்கிறோம்!

சரி, பெரியப்பா கொடுத்த மாத்திரை? நல்ல மனசோடு கொடுத்ததுதான். நம்மில் எத்தனை வீட்டில் இது நடக்கவில்லை?

ஆஸ்பிரின் நமக்குப் புதுசு இல்லை. தலைவலி என்றால் பெட்டிக்கடையில் ஆஸ்ப்ரோ வாங்கிப் போட்ட தலைமுறை நம்முடையது. அதே மருந்துதான் இப்போது 75 மில்லிகிராம் அளவில் இதயத்துக்கு. டெங்கு வந்தபின் பிளேட்லெட் என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்டது அல்லவா? ரத்தத்தைக் கட்டவைக்கும் அந்தத் தட்டணுக்களின் ஒட்டும் குணத்தை ஆஸ்பிரின் முடக்குகிறது. முடக்கப்பட்ட தட்டணு திரும்பத் தேறாது. ஏழு முதல் பத்து நாள் வரையிலான அதன் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். சின்ன மாத்திரை போதும் என்பது அதனால்தான். வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசிந்தால் சட்டென்று நிற்காததும் அதனால்தான். (மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், அதற்கு ஆஸ்பிரின் போடவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

டிஐஏ வந்தவருக்கு டாக்டரே ஆஸ்பிரின் ஆரம்பிப்பது உண்டு, அதுவும் உடனே. சிலருக்கு மூன்று வாரம் குளோபிடோக்ரெலும் சேரும். நல்ல பலன் தரும் வைத்தியம் அது. ஆனால் ஸ்கேன் பார்த்த பிறகு. ஏனென்றால் சில ஸ்ட்ரோக்குகள் அடைப்பால் வருவதில்லை, ரத்தக்குழாய் வெடித்து வருகின்றன. கை விழுவதையும் வாய் கோணுவதையும் வைத்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு, நாம் பக்கவாதத்துக்கும் அதையே நீட்டுகிறோம். கை விழுந்தால் மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. இசிஜியில் இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடியது. அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போகிறது. இதற்கு ஆஸ்பிரின் பெரிதாக உதவாது. வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. ஆஸ்பிரின் குறைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். 'அதான் மாத்திரை போடுறோமே' என்று நாங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால்?

ஒரு நோயும் இல்லாதவர்கள் முன்ஜாக்கிரதையாகத் தினம் ஒன்று போடலாமா? வாசகர் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய, ஆரோக்கியமான 19,114 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2018-ல் முடிவு வந்தது. தினமும் ஆஸ்பிரின் போட்டவர்களின் ஆரோக்கியமான ஆயுள் கூடவில்லை. கூடியது ரத்தக்கசிவுதான். ஆனால் பெரியப்பா போல ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போதுகூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அடுத்து, 'இயற்கையாகவே' ரத்தத்தை மெலிதாக்கும் பூண்டு, இஞ்சி, மஞ்சள், மீன் எண்ணெய். பூண்டு ரசமும் இஞ்சித் துவையலும் தாராளமாகச் சாப்பிடுங்கள். என் கவலை கேப்ஸ்யூலில்தான். பல நாள் சமையலில் சேரும் சரக்கை ஒரே குப்பிக்குள் அடைத்து, அதையும் ஆஸ்பிரினையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பலர் அதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை. "அது மருந்தில்லையே!" என்பார்கள்.

இயற்கை என்றாலே சாது என்று யார் சொன்னது? 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. அந்தத் தீவனத்தில் இருந்த விஷத்தை விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்ற வேதியியல் அறிஞரின் குழு பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்றது, பிறகுதான் மனிதருக்கு வந்தது. பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததும் அதே குடும்பத்து மாத்திரைதான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை!

ஸ்ட்ரோக்கைத் தடுப்பதில் ஆஸ்பிரினைவிடவும் பூண்டைவிடவும் பெரிய வேலை ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை தருகிறார்கள். பெரியம்மாவுக்கும் தந்திருக்கிறார்கள். 'இப்போ நார்மலாத்தானே இருக்கு' என்று அவர் நிறுத்திவைத்த அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தன.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, தவறாத நேரம், வேறு வலி மாத்திரை கூடாது. பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "முருங்கைக்கீரை திங்கலாமுங்களா?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். "தாராளமா சாப்பிடுங்கம்மா. ஆனா ஒரு வாரம் மூணு கட்டு, அடுத்த வாரம் ஒண்ணுமில்லைன்னு இருக்கக் கூடாது. ஒரே அளவா இருக்கணும்" என்றார் டாக்டர்.

இப்போது வீட்டுக் காலண்டரில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பென்சிலால் 'மு' என்று எழுதியிருக்கிறது. அடுப்படியில் யார் நின்றாலும், அதைப் பார்க்காமல் கீரையில் கைவைக்க அவர் விடுவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்