மாளிகையும் சுரங்கமும்

"கலையில் வர்க்கத்தைத் தேடாதீர்கள், அழகை அழகாகவே பாருங்கள்" என்று நமக்குப் புத்தி புகட்டுவோர் இன்றும் உளர். இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைக் கண்டு மயங்குவோரும் இவர்களே. அவர்களோடு நாமும் ஒரு மாளிகையைப் பார்த்து வருவோம்.

சசெக்ஸ் பகுதியிலே, குன்றின் மீது நிற்பது அப்பார்க் மாளிகை. 1690ஆம் ஆண்டளவில் எழுந்தது. செங்கல்லும் கல்லும் இசைந்த முகப்பு; அணிவகுத்த சாளரங்கள்; அளவொத்த இரு துணைக் கட்டடங்கள். அழகுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அத்துணைக் கட்டடங்கள் எதற்காக? ஒன்று குதிரை லாயம். மற்றது சமையற்கட்டும் சலவைச்சாலையும். அங்கிருந்து உணவு மாளிகைக்கு வந்து சேர்ந்தது நிலத்தின் கீழ் வெட்டிய சுரங்கப் பாதையினூடாக! சுமப்பவன் உண்பவனின் கண்ணிற் படலாகாது என்பதே அந்தக் கட்டடக் கலையின் இலக்கணம். சுரங்கத்தை மறந்து முகப்பை மட்டும் போற்றுவது எவ்வகை இரசனை?

"அம்மாளிகையின் பிரபு 1825இல் தம் பாற்பண்ணைப் பணிப்பெண்ணையே மணந்தாரே!" என்பர் சிலர். மணந்தார், ஒருத்தி மேலே ஏறினாள். ஆனால் சுரங்கம் மூடப்படவில்லை. பின்னாளில் அவளுடைய தங்கை எஜமானியாய் இருந்தபோது, 1880 முதல் 1893 வரை, கீழ்த்தளத்தில் இருந்து வேலையாட்களை மேற்பார்த்தவர் ஓர் ஏழைத் தாய். அவருடைய மகனே எச். ஜி. வெல்ஸ். ஆள் மாறினாலும் அமைப்பு மாறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவ்வீட்டின் பழைய நூல்களிடையே பிளேட்டோவின் 'குடியரசை' எடுத்துப் படித்தான் அச்சிறுவன். 1909இல் வெளிவந்த 'டோனோ-பங்கே' நாவலில் அம்மாளிகைக்கு வேறு பெயரிட்டு, இங்கிலாந்துச் சமுதாயம் முழுவதற்கும் அதுவே அச்சு என்று காட்டினார் வெல்ஸ். முகப்பை மட்டும் கண்டவரால் இந்த உண்மையைக் கண்டிருக்க முடியுமா?

மாளிகைகளை இடித்துத் தள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை. 1989இல் அப்பார்க் தீக்கிரையாயிற்று. மறந்துபோயிருந்த சுதைவேலை நுட்பங்களைக் கைவினைஞர்கள் மீண்டும் பயின்று அதனைப் புதுப்பித்தார்கள். 1995இல் கதவுகள் மறுபடி திறந்தன. அழகு பிரபுவின் இரத்தத்தில் ஊறியதன்று, தொழிலாளியின் விரல்களில் பிறந்தது என்பதை நெருப்பே மெய்ப்பித்துவிட்டது.

எனவே, ஆசிரிய நண்பர்களே, மாணவருக்கு அம்முகப்பின் படத்தைக் காட்டுங்கள். அதன் அழகையும் எடுத்துரையுங்கள். அதே பாடத்தில், தட்டேந்தி நடந்தவர்களின் சுரங்கத்தையும் காட்டுங்கள். அப்பொழுதுதான் நாம் கற்பிப்பது கலையாகும், வரலாறும் ஆகும்.