மன்னார்க் கரையும் கமெராக் கண்ணும்

இயற்கைக் காட்சியைப் படம் பிடிப்பதற்கும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமோ என்று வாசகருட் சிலர் வினவக்கூடும். கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் படப்பிடிப்பாளராகிவிட்ட காலம் இது. கல்யாண வீட்டிலே தாலி கட்டும் வேளையில் மாப்பிள்ளையின் முகம் தெரியாதவாறு நாற்பது கைகள் குறுக்கே உயர்ந்து நிற்கின்றன. ஆயினும் கடலையும் மணலையும் வானத்தையும் படமாக்குவது வேறு வித்தை. மாப்பிள்ளை, கூப்பிட்டால் நம் பக்கம் திரும்பிச் சிரிப்பார். கடல் திரும்பாது. நாமே அதன் வேளை பார்த்துக் காத்திருத்தல் வேண்டும்.

சென்ற மாசி மாதத்திலே மன்னாரில் மூன்று நாட்கள் நடைபெற்ற இத்தகைய பயிற்சியொன்றிற் கலந்துகொண்டோம். ஆசிரியர் ஒருவர், மாணாக்கர் அறுவர். ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர், வங்கி உத்தியோகத்தர் இருவர், பல்கலைக்கழக மாணவியர் இருவர், நாம். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னே நின்று பழகிய நாம், அதற்கு எதிர்ப்புறத்து வாங்கில் அமர்வதும் உடம்புக்கு நல்லதே என்று கண்டுகொண்டோம்.

சிறு குழுவாகச் சென்று வெளியிலே நின்று கற்கும் இம்முறை புதியதன்று. அமெரிக்கப் படப்பிடிப்பு மேதை அன்செல் அடம்ஸ், கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே 1955ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் இத்தகைய பயிற்சிகளை நடாத்தி வந்தார். கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள ஒளிநிலைகளைப் படிப்படியாக வகுத்து, எந்தப் பொருள் எந்தப் படியில் விழவேண்டும் என்று படம் எடுக்குமுன்னரே தீர்மானிக்கும் முறையொன்றை அவரும் பிரெட் ஆச்சர் என்பாரும் சேர்ந்து அமைத்தனர். பிலிம் மறைந்து இலக்கமுறைக் கமெரா வந்த பின்னரும் அம்முறையின் சாரம் மறையவில்லை. நமது நாட்டிலும் இக்கலைக்கு நல்ல மரபு உண்டு. புகழ்பெற்ற யூலியா மார்கிரெட் கமெரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். லயனல் வென்ட் 1944இல் மறையும்வரை எடுத்த படங்களை இன்றும் உலகம் வியந்து நோக்குகிறது. ஆனால் கலண்டர் அடிப்போரைக் கேட்டால் இலங்கை என்பது தேயிலை மலையும் தென்னஞ்சோலையுமே. பனையும் உடைமரமும் உப்புக் காற்றும் நிறைந்த மன்னாருக்குக் கலண்டரிலே இடம் கிடைப்பது அரிது.

முதல் நாள் நடுப்பகலில் கமெராவைப் பையிலிருந்து எடுக்கவே ஆசிரியர் விடவில்லை. உச்சி வெயிலில் நிழல் காலடியிலே ஒடுங்கிவிடும்; நிழல் இல்லையேல் மணலின் மேடுபள்ளம் தெரியாது என்பது அவர் கூற்று. மாலையில்தான் வேலை தொடங்கிற்று. அப்போது அவர் சொன்ன ஒரு விடயம் மாணவர்க்கு மிகவும் பயன்படும். கமெராவிலுள்ள ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று நம்பும் ஓர் அப்பாவி. வெண்மணற் பரப்பை அதன்முன் காட்டினால், ‘ஒளி மிஞ்சிவிட்டது’ என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; வெள்ளை மணல் அழுக்கு மணலாகிவிடும். ஆகவே மன்னார் மணலிலே ஒளிமானி சொல்வதற்கு மேலாக ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஒளி கூட்டிக் கொடுத்தல் வேண்டும். கைத்தொலைபேசியிலும் திரையைத் தொட்டு இவ்வாறு கூட்டலாம். காசு செலவில்லை.

பள்ளிமுனையிலுள்ள பெருக்குமரத்தை வாசகர் பலர் பார்த்திருப்பர். ஆபிரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்; உயரமோ நல்லதொரு தென்னையின் பாதியும் இராது. இப்பெருந் தடியனைப் படத்திலே எப்படிக் காட்டுவது? தனியே எடுத்தாற் பூந்தொட்டியில் நட்ட செடிபோலத் தோன்றுகிறது. அளவு தெரியவேண்டுமாயின் பக்கத்தில் அளவு தெரிந்த ஒன்று நிற்கவேண்டும். இயற்கைக் காட்சியிலே மனிதர் வேண்டாம் என்று காலையிற் கண்டிப்பாகச் சொல்லியிருந்த ஆசிரியர், மாலையிலே நமது வைத்தியரை மரத்தடியில் நிறுத்தவேண்டியதாயிற்று. மாணவியர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர்.

மறுநாள் விடியுமுன் வங்காலைக்குச் சென்றோம். 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் றம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. வாடைக்காற்றுக் காலத்திலே வடதேசங்களிலிருந்து ஊசிவால் வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். பூநாரைகளும் வரும். அன்று பூநாரைகள் வெகு தொலைவிலே இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. சற்று நெருங்கினால் என்ன என்று வங்கி அன்பரொருவர் சேற்றிலே இறங்கப் பார்த்தார். ஆசிரியர் தடுத்துவிட்டார். இரை தேடும் பறவைகளைப் பறக்கச்செய்து படம் எடுப்பது, உண்ணும் விருந்தினரை எழுப்பி நடனமாடச் சொல்வது போன்றதென்பது நமது எண்ணம். தொலைதூரக் கோடாகவே எடுத்தோம். வானமும் நீரும் ஒரே நிறமாக, நடுவே அந்தக் கோடு மட்டும். அது போதும்.

அங்கிருந்து தாழ்வுபாட்டுக் கரைக்கு வந்தபோதுதான் விவாதம் மூண்டது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் கயிறு, கயிற்றைப் பற்றி வரிசையாக மனிதர், அப்பால் பச்சைக் கடல், பின்னணியிலே வரிசையாகக் காற்றாலைகள். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் காற்றாலைகள் அவை, மொத்தம் 30. வலை கரையேறி ஆட்கள் கலைந்த பின் எடுப்போம், காற்றாலை இல்லாத பக்கமாகக் கமெராவைத் திருப்புங்கள் என்றார் ஆசிரியர். இதனைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவரொருவர், கயிற்றை விடாமலே, “என்னையா, நாங்கள் போனாப்பிறகு வெறுங்கடலையோ படம் பிடிக்கப் போறியள்?” என்றார்.

மாணவியருள் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். “சேர், இவையள் இல்லாமல் இந்தக் கரை இல்லையே” என்றாள். ஆசிரியர் கோபிக்கவில்லை. “பிள்ளை, படத்திலே ஆள் வந்தால் பார்க்கிறவன் கண் ஆளிடம்தான் போகும். கரை பின்னுக்குப் போய்விடும். நான் கரையைப் பார்க்கச் சொல்லித் தருகிறேன்” என்றார்.

அவர் கூறியது கலை நுணுக்கத்தில் உண்மையே. மனித முகம் சட்டகத்தின் ஒரு மூலையில் இருந்தாலும் கண் அங்கேதான் ஓடும். எனினும் நமது மனம் அம்மாணவியின் பக்கமே சாய்ந்தது. கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்பர். இன்ன பாடு இன்னாருக்கு உரியது என்பது கரையிலுள்ள யாவர்க்கும் தெரியும். நடுப்பகலில் ஆளற்றுக் கிடக்கையிலே எடுத்த படத்துக்கு அது தெரியாது. தலைநகரத்து மேசையில் இருந்துகொண்டு அப்படத்தைப் பார்ப்பவர், ‘இங்கே எவருமில்லை, எதையும் நிறுவலாம், எதையும் தோண்டலாம்’ என்று எண்ணுவதில் வியப்பென்ன? 2025ஆம் ஆண்டிலே புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து இத்தீவு மக்கள் வீதிக்கு வந்து போராடினர். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான். அவ்வழக்கின் இரு பக்கத்தையும் இப்பத்தியிலே தீர்த்துவிட முடியாது. ஆனால் ஆளில்லாத அழகிய படம், வழக்கிலே ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது என்பதை மாத்திரம் சொல்லி வைக்கலாம். காற்றாலையை ஒதுக்கி எடுப்பதும் அத்தகையதே. இன்றைய தாழ்வுபாட்டிலே அவை நிற்கின்றன. நிற்பதை மறைத்த படம் எந்த ஆண்டின் படம்?

முடிவில் இரு விதமாகவும் எடுக்கலாம் என்று ஆசிரியர் இணங்கினார். அம்மாணவி முதியவரின் அனுமதி கேட்டு, கயிறும் கைகளும் சிறிதாகவும் கடல் பெரிதாகவும் அமையுமாறு எடுத்த படமே அன்றிரவு எல்லோராலும் சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. ஆசிரியரும் அதற்கே கை உயர்த்தினார்.

மாலையிலே தலைமன்னார். இராமர் அணையின் மணற்றிட்டுகளுக்கு அப்பால் தனுஷ்கோடித் திசையிலே சூரியன் இறங்குவதைப் பார்க்க அங்கு செல்வோர் பலர். 1914இல் தொடங்கிய கப்பற் சேவையையும், 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்ததையும் வைத்தியர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சூரியன் மறைந்தது எமக்குத் தெரியாது. படம் சுமார்தான்.

மூன்றாம் நாள் நாம் கண்டதே எம்மை இப்பத்தியை எழுதத் தூண்டிற்று. தீவைவிட்டுத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அணித்தாக அரிப்பு இருக்கிறது. கண்டியரசனிடம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் தப்பியோடி 1679இல் வந்து சேர்ந்த ஒல்லாந்தக் கோட்டை இவ்வூரிலேதான். அதற்குச் சற்றுத் தொலைவிலே கடலோர மேட்டில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகை நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட, மிச்சமிருக்கிறது என்பதே பொருந்தும். கிரேக்கப் பாணித் தூண்களால் ‘டொரிக்’ மாளிகை என்பர் ஆங்கிலர்; ஊரவர்க்கு அது அல்லிராணிக் கோட்டை. கடல் மேட்டை அரித்து அரித்து அத்திவாரத்தை அண்மிவிட்டது. செங்கற் சுவர்த் துண்டுகள் கீழே அலையிலே கிடக்கின்றன. முத்துக்குளிப்போ 1925இற்குப் பின் முந்தைய சிறப்போடு நிகழவில்லை. முத்தும் போய், முத்தைக் காவல்செய்த வீடும் போய்க்கொண்டிருக்கிறது.

கலிபோர்னியாவிலே பெரியெஸ்ஸா என்ற பள்ளத்தாக்கு அணைக்கட்டு நீரில் மூழ்கவிருந்த தறுவாயில், டொறதியா லாங்கே அம்மையாரும் பேர்கில் ஜோன்ஸ் என்பவரும் 1956, 1957ஆம் ஆண்டுகளிலே அங்கு சென்று வீடு, வயல், மயானம், மனிதர் அனைத்தையும் படமெடுத்தனர். ‘ஒரு பள்ளத்தாக்கின் மரணம்’ என்று 1960இல் அப்படங்கள் வெளிவந்தன. பள்ளத்தாக்கு இன்று ஏரிக்கு அடியிலே, படங்கள் இருக்கின்றன.

அரிப்பிலே இதனைச் செய்வதற்கு மேதைகள் வேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்துப் பாடசாலையொன்றின் மாணவர் போதும். மாளிகையின் முன்னே மாறாத ஓரிடத்தைத் தெரிந்து அடையாளமிட்டு, அவ்விடத்திலேயே முக்காலியை நிறுத்தி, அதே உயரத்திலே, அதே கோணத்திலே, ஆண்டுக்கு இருமுறை, சோளகத்துக்கு முன்னொன்றும் வாடைக்குப் பின்னொன்றுமாக எடுத்து, திகதியைக் குறித்து வைத்தால், பத்தாண்டிலே கடலின் கணக்குப் புத்தகம் கைக்கு வந்துவிடும். எந்தச் சுவர் எந்த ஆண்டில் வீழ்ந்தது என்று தொல்பொருள் அறிஞர்க்கும் பொறியியலாளர்க்கும் காட்டிக் கேள்வி கேட்கலாம். புவியியல் ஆசிரியர்க்கும் வரலாற்று ஆசிரியர்க்கும் வகுப்பறையில் வேலை மிச்சம். இதனை எடுத்துரைத்தபோது வங்கி அன்பர் தமது பழைய முக்காலியைத் தர முன்வந்தார். அது இப்போது எம்மிடம் இருக்கிறது, கேட்கும் பாடசாலைக்குக் கொடுக்கப்படும்.

அங்கு செல்லும் மாணவர் பிற்பகல் நான்கு மணியளவிற் போய்ச் சேர்வது நன்று. கடலை நோக்கிய சுவர்களில் மஞ்சள் வெயில் படிவது அதன் பின்னரே. ஈரத்துணியொன்று பையிலே இருக்கட்டும், வில்லையில் உப்புப் படியும். சுவரின் கீழேயும் மேட்டின் விளிம்பிலும் எவரும் நிற்கலாகாது.