கொலையையும் கண்டிக்கிறோம், கூட்டுத் தண்டனையையும் கண்டிக்கிறோம்

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நினைவு நாளையொட்டிய கண்டன அறிக்கை

2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகளோடு தம்மை வெடிக்கவைத்து 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களின் செயலை, தமிழ்மொழி மூல ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அங்கம் வகிக்கும் எமது சங்கம் எந்த நிபந்தனையுமின்றிக் கண்டிக்கிறது. சீயோனில் பலியானவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்துக்கு வந்த பிள்ளைகள். எந்த மார்க்கத்தின் பெயரைச் சொல்லியும், எந்த அநீதிக்குப் பதிலடி என்று சொல்லியும் அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு நியாயம் தேட முடியாது.

அதே உறுதியோடு, அந்தக் கொலைகளைத் தடுக்கத் தவறிய அரசு இயந்திரத்தையும், தவறிய பிறகு முஸ்லிம் சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய செயலையும் கண்டிக்கிறோம். இரண்டையும் ஒரே அறிக்கையில் சொல்ல வேண்டாம் என்று எம்மிடம் சிலர் கேட்டுக்கொண்டார்கள். பிரித்துச் சொன்னால் உண்மை பாதியாகிவிடும் என்பதால்தான் சேர்த்தே சொல்கிறோம்.

சாகத் துணிந்து வருகிறவனைத் தண்டனையைக் காட்டி அச்சுறுத்த முடியாது. 1983இல் பெய்ரூட்டில் அமெரிக்க, பிரெஞ்சுப் படையினரின் கட்டடங்கள் தகர்க்கப்பட்ட நாளிலிருந்து உலகம் இதை அறியும். இந்தத் தீவும் அறியும். 1987இல் நெல்லியடியில் விடுதலைப் புலிகள் இராணுவ முகாமுக்குள் லொறியை வெடிக்கவைத்தார்கள். 1996இல் மத்திய வங்கி வாசலில் நடத்தப்பட்ட தாக்குதலில் 90க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சாதாரண மக்கள், உயிரிழந்தார்கள். தற்கொலைத் தாக்குதலின் வேர் அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பே என்று வாதிட்ட அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பேப்பின் விளக்கம் 2019க்குப் பொருந்தவில்லை. வறுமை என்ற விளக்கமும் பொருந்தவில்லை. ஹோட்டல்களைத் தாக்கிய சகோதரர்கள் இருவர் செல்வந்த வாசனைத் திரவிய வணிகரின் புதல்வர்கள். இன்னொருவர் வெளிநாட்டில் படித்தவர். எமக்குத் தெரிவது, உறவாலும் நட்பாலும் பின்னப்பட்ட ஒரு சிறு வட்டம் ஒரு போதகனின் பேச்சில் மெல்ல மெல்ல இறுகியது என்பதே. அப்படிப்பட்ட வட்டத்தை எந்தச் சோதனைச் சாவடியாலும் காண முடியாது. அடுத்த வீட்டுக்காரரும், பள்ளிவாசல் நிர்வாகியும், கடைக்காரரும்தான் அதைக் காண்பார்கள்.

கண்டார்கள், சொல்லவும் செய்தார்கள். காத்தான்குடி மக்கள் அந்தப் போதகன் சஹ்ரானைப் பற்றிப் பல தடவை முறையிட்டார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூஃபி மார்க்கத்தவரோடு அவனது குழு மோதிய பின் அவன் தலைமறைவானான். பிடியாணை இருந்தும் பிடிக்கப்படவில்லை. 2018 நவம்பரில் வவுணதீவில் பொலிசார் இருவர் கொல்லப்பட்டபோது அதிகாரிகள் விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளி ஒருவரைத்தான் சிறைப்பிடித்தார்கள். பழைய எதிரியைத் தவிர வேறு எவரும் அவர்கள் கண்ணில் படவில்லை. அவர் விடுதலையானது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, அந்தக் கொலைகளும் சஹ்ரான் குழுவின் வேலை என்று தெரிந்த பின்புதான். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பெருமளவு வெடிபொருள் அகப்பட்டது. ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஒரு வாரத்தில் சஹ்ரானின் பெயரும் தேவாலயங்கள் இலக்கு என்ற தகவலும் பொலிஸ் கடிதத்திலேயே இருந்தன. எந்த ஆலயத்துக்கும் அது சொல்லப்படவில்லை. இதற்காக உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, புலனாய்வு உயர் அதிகாரிகளும் செலுத்தப் பணிக்கப்பட்டார்கள்.

தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்ததும் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அந்த வீட்டில் சஹ்ரானின் குடும்பத்தார் தம்மை வெடிக்கவைத்துக் கொண்டபோது பிள்ளைகளும் மாண்டார்கள். தகவல் கொடுத்த அந்தச் சமூகத்துக்கு நாடு என்ன கைம்மாறு செய்தது? ஹசலகவில் ஒரு பெண், உடையிலிருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று நினைத்தவர்களால் சிறைக்குப் போனார். குருணாகல் மருத்துவர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்திக் கைது செய்யப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே சொன்னது. அந்த மனிதர் பின்னர் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்கே கொடுத்தார். மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருணாகல், புத்தளம் மாவட்டங்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

எழுதுகிறவர்களின் சங்கம் என்ற முறையில் கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கை நாம் மறக்க மாட்டோம். தாக்குதல் நடந்து ஓராண்டு கழித்து, 2020 மே மாதத்தில், அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அவருடைய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். தமிழ் அறிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் வாசித்துத் தெளிந்திருக்கக்கூடிய சிறு நூல் அது. வன்முறையைக் கண்டித்துப் பாடிய அந்த இளம் ஆசிரியர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த காலத்துக்கு எவரும் பதில் சொல்லவில்லை.

மக்களைக் காத்து அவர்களின் நம்பிக்கையைப் பெறுவதே கிளர்ச்சி எதிர்ப்பின் மையம் என்று அமெரிக்க இராணுவத்தின் 2006ஆம் ஆண்டுக் கையேடு கூறுகிறது. கூறிய படைகளே அதை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எவ்வளவு மீறின என்பது வேறு கதை. இலங்கையோ 2011இல் பிற நாட்டுப் படை அதிகாரிகளைக் கொழும்புக்கு அழைத்து, பயங்கரவாதத்தை முறியடித்த தன் அனுபவத்தைப் பாடமாக நடத்தியது. எட்டு ஆண்டுகள் கழித்து, பெயரும் இலக்கும் கையில் இருந்தும் அதே அரசால் ஒரு தேவாலயக் கதவை மூடச் சொல்ல முடியவில்லை. 1979இல் தற்காலிகமாக வந்து, தமிழ் இளைஞர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சிறையில் அடைத்த பயங்கரவாதத் தடைச் சட்டம் சஹ்ரானைத் தடுக்கவில்லை. ஒரு கவிஞரைத்தான் பிடித்தது. இனி முறைப்பாடு செய்யத் துணிபவர், தன் பெயரும் சந்தேகப் பட்டியலில் ஏறுமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பொறுப்பு அரசினுடையதே.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முற்றாக நீக்க வேண்டும். 2015இல் ஜெனீவாவில் நாடு கொடுத்த வாக்குறுதி அது. வேறு பெயரில் அதே அதிகாரங்களைக் கொண்டுவரும் எந்தச் சட்டத்தையும் ஏற்க மாட்டோம். எச்சரிக்கை ஏன் அலட்சியம் செய்யப்பட்டது, தாக்குதலின் பின்னால் வேறு எவரும் இருந்தார்களா என்பதைச் சுயாதீன வழக்குத்தொடுநர் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கேட்பதை எமது கோரிக்கையாகவும் முன்வைக்கிறோம். குற்றமின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கி, அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழ் பேசும் பிரதேசங்களின் பொலிஸ் நிலையங்களில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ளும் அதிகாரிகளை உடனடியாக நியமிக்க வேண்டும்.

செயற்குழு